மாசிலாமணி கட்டு

பன்னிரண்டு புள்ளி ஆறு. மீட்டரில் எண் அசையாமல் நின்றது. பேட்டரியில் கோளாறு இல்லை என்று ஊசியை வைப்பதற்கு முன்பே மாசிலாமணிக்குத் தெரியும், ஆனாலும் வைத்துப் பார்த்தார், முதலில் பேட்டரி, பிறகு ஃபியூஸ், பிறகு எர்த்து, மற்றதெல்லாம் அதற்கப்புறம், முப்பத்தோரு வருஷமாக அந்த வரிசை மாறியதில்லை, அந்த வரிசைகூடத் தெரியாமல்தான் போன வாரம் பட்டணத்திலிருந்து வந்த கம்பெனிக்காரன் ஒரு நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு நல்ல பேட்டரியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கழுத்தில் பட்டையும் பட்டையில் தொங்கும் அட்டையுமாக வந்தானாம். மணலில் ஷூ போட்டு நடக்கிறவனுக்கு என்ன தெரியும். மாசிலாமணி திரும்பி மணலில் துப்பினார். எவனையாவது மனதுக்குள் பைசல் பண்ணி முடித்ததும் ஒரு துப்பல், அது பழைய பழக்கம், மருமகள் வந்த பிறகு வீட்டில் மட்டும் அடக்கி வைத்திருக்கிறார். இந்த வண்டியைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். பைக்கும் இல்லை, காரும் இல்லை, இரண்டும் கெட்டான், உட்கார்ந்தால் எருமை மேல் உட்கார்ந்த மாதிரி, இதற்கு ஏடிவி என்று பெயர், எந்தத் தரையிலும் ஓடும் என்று போர்டில் எழுதியிருக்கிறான். ஓடுகிற லட்சணம்தான் தெரிகிறதே. கோவளத்துக்குத் தெற்கே இருக்கிற இந்த ஒரு மைல் மணலில் ஓட முடியாமல் தார்ப்பாய்ப் பந்தலுக்குள் படுத்துக் கிடக்கிறது. ஐந்து வண்டியில் இது மூணாம் நம்பர். ஓடிக்கொண்டே இருக்கும்போது மேட்டில் ஏறி இறங்கினால் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது, கொஞ்சநேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி உயிர் வருகிறது. நாலு மணிக்கு ஏதோ ஆபீஸ் கூட்டம் வருகிறதாம், ஐந்து வண்டியும் வேண்டுமாம், முதலாளி ரோஷன் காலையிலிருந்து மூன்று முறை போன் பண்ணிவிட்டான். இப்போது மணி இரண்டரை. பந்தலிலிருந்து முப்பது அடி தள்ளி, பழைய குடைக்குக் கீழே, வேதகிரி உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். நறுக்குகிறவன் மாங்காயைப் பார்க்க வேண்டியதுதானே, பந்தலை எதற்குப் பார்க்கிறான் என்று மாசிலாமணி நினைத்தார்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். திறந்ததும் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு இல்லை. உள்ளே ஃபியூஸ் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தது. இது இருதயராஜ் வேலை. ரோட்டு வளைவில் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு செயின் மாட்டியதும் மெக்கானிக் என்று போர்டு வைத்தவன், ஃபியூஸ் என்பது எரிந்து போவதற்காகவே வைத்தது என்கிற அரிச்சுவடிகூட மண்டையில் ஏறாதவன். எரியாத ஃபியூஸைப் போட்டுவிட்டு வண்டியையே எரிய வைப்பான். துப்பினார். வெள்ளித்தாளை எடுத்து எறிந்துவிட்டு சரியான ஃபியூஸைப் போட்டார், ஆனால் இதுவும் காரணம் இல்லை, ஃபியூஸ் போனால் போனதுதான், அரை நிமிஷத்தில் அது உயிர்த்தெழுந்து வராது. பிறகு எர்த்து. உப்புக்காற்றில் முதலில் போவது எர்த்துதான். சொன்னால் கேட்கிறதுகளா, அலையில் விடாதே என்று எழுதிப் போட்டிருக்கிறான், எழுதியதைப் படித்துவிட்டு அலையில்தான் விடுகிறார்கள், தண்ணீர் தெறித்தால்தான் போட்டோவில் அழகாம், இருபத்தைந்து வயதுக் கழுதைகள், வீட்டில் பல்பு மாற்றத் தெரியாது, இங்கே வந்து கைப்பிடியை முறுக்கிக்கொண்டு ஊளையிடுகிறார்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் கனத்த ஒயரின் போல்ட்டில் பச்சை பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி, மாட்டினார். சீட்டுக்கு அடியில் ஒயர்க் கட்டு போகிறது, அதன் நடுவில், பாடியை ஒட்டி, கறுப்பாக ஒரு முடிச்சு. அதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. தன் கட்டு. டேப் மூன்று சுற்று, அதன் மேல் சைக்கிள் ட்யூபை விரல் அகலத்துக்கு அறுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்துச் சுற்றி, கடைசியில் மூன்று முடிச்சு. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் எந்தப் போட்டில், எந்த ஜெனரேட்டரில் அதைப் பார்த்தாலும் மாசிலாமணி கட்டு என்று சொல்லுவார்கள், அதைப் பார்த்த மெக்கானிக் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கோளாறு தேடுவான். இந்தக் குப்பைக்குள் மனுஷன் கைபட்ட இடம் இது ஒன்றுதான் என்று நினைத்தார். எப்போது போட்டது இது. இரண்டு வருஷம் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்தது. மருமகளுக்கு வளைகாப்பு அன்றைக்கு. சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள், எங்கேப்பா இருக்கிறாய் என்று பையன் போன் மேல் போன். ஏழு விதமான சாதம், புளிசாதத்தில் உப்பு கூடிவிட்டது, சம்பந்தி அதைக் கண்ணால் சொன்னார், வாயால் சொல்லவில்லை. அந்த நாளில் வேறு ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. வளையல் இல்லை, சாப்பாடு இல்லை, வேறு ஏதோ. போகட்டும்.

வேதகிரி கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு இன்னும் இங்கேதான் பார்க்கிறான். வலது காலை நீட்டி வைத்திருக்கிறான், பாதத்தில் கட்டு அழுக்கேறி மணல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி தேசம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் மிளகாய்ப்பொடியை உப்போடு கலந்துகொண்டிருந்தாள். பார்க்கட்டும், பார்வை சும்மாதானே. நான் என்ன செய்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மூணாம் நம்பரில் ஒரு பையன் ஏறி, ஆக்சிலேட்டரைத் திருகி, பயந்து போய் அப்படியே பிடித்துக்கொண்டான். வேதகிரிதான் அப்போது சவாரி பார்த்துக்கொள்கிற ஆள், ஓடிப்போய்க் கைப்பிடியில் இருக்கிற சிவப்புச் சுவிட்சை அமுக்கினானாம், வண்டி நிற்கவில்லையாம், இரண்டாவது தடவை அமுக்குவதற்குள் வலைப் படகில் முட்டித் திரும்பி அவன் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. மறுநாள் ரோஷன் கூப்பிட்டான். மாசிலாமணி வந்து, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணி, சிவப்புச் சுவிட்சை ஐந்து தடவை அமுக்கிப் பார்த்தார், ஐந்து தடவையும் நின்றது. சுவிட்ச் நன்றாக இருக்கிறது, அமுக்கியிருந்தால் நின்றிருக்கும், அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவுதானா. இல்லை, கை நடுங்குகிற ஆட்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று இன்னொன்றும் சொன்னார், யாரும் கேட்காமலே சொன்னார். உங்க வார்த்தைக்கு மேல எனக்கு வேற என்னண்ணா வேணும் என்றான் ரோஷன். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்க வேதகிரி தண்ணி போட்டிருந்தான் என்று ஆகிவிட்டது. கை நடுக்கம் என்றால் வேறென்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். முட்டுக்காட்டில் படகுச் சவாரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போனவனை, நீதானே அந்த ஆள் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்களாம். கால் ஆறுகிற வரைக்கும் மாங்காய், ஆறின பிறகும் மாங்காய்தான் போலிருக்கிறது. அதற்கு நான் என்ன பண்ண முடியும், மீட்டர் காட்டியதைத்தானே சொன்னேன் என்று மாசிலாமணி தனக்குள் சொல்லிக்கொண்டார், ஆனால் கை நடுக்கம் என்று எந்த மீட்டர் காட்டியது என்று அவருக்குள்ளேயே ஒருவன் கேட்டான், அவன் எப்போதும் மத்தியானத்தில்தான் வருவான்.

பிளக்கைக் கழற்றினார். நன்றாக எரிந்து காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. பிளக் மூடி இறுக்கமாக இருந்தது. பொறியை அனுப்பும் கறுப்புப் பெட்டி புதுசு, அதையும் கம்பெனிக்காரன் வீணாக மாற்றியிருக்கிறான். சாவி போடுகிற இடத்தில் கோளாறு இல்லை. சிவப்புச் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தார், உள்ளே தகடு சுத்தமாக இருந்தது, சுவிட்சுப் பக்கம் ஒயர் சரி, பெட்டிப் பக்கம் ஒயர் சரி, இரண்டு முனையும் சரியென்றால் நடுவும் சரியாகத்தான் இருக்கும் என்று மேலே போனார். ஒரு சின்ன திருகாணியை மாட்டும்போது அது விரலிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. குனிந்து தேடினார். மணலில் திருகாணி தேடுகிற வேலைக்குத்தான் பிறந்தது. கண்ணாடி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒட்டிக்கொள்கின்றன, பழுப்பு ஒயருக்கும் சிவப்பு ஒயருக்கும் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. விரல்கள் திருகாணியைத் தொட்டன, எடுக்க முயன்றபோது மறுபடி நழுவியது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நிமிர்ந்ததும் முதலில் குடைப்பக்கம் பார்த்தார். வேதகிரி ஒரு பெண்ணுக்கு மாங்காய்ப் பத்தையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்த்தானா. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறான். ஒருநாள் இந்தக் கை அடியோடு நின்றுவிடும், அப்போது இருதயராஜும் வெள்ளித்தாளும்தான் இந்தக் கடற்கரையை ஆளும். பயம்தான், வேறு பெயர் வைத்துப் பிரயோஜனம் இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். கடைசி வழி இதுதான், ஓடவிட்டு ஒயர் ஒயராக ஆட்டிப் பார்ப்பது, பொறுமை இருக்கிறவன் மட்டும் செய்கிற வேலை, அதனால்தான் எவனும் செய்வதில்லை.

கைப்பிடியிலிருந்து ஆரம்பித்தார். விரல் விரலாக ஒயர்க் கட்டைப் பிடித்து, இப்படி வளைத்து, அப்படி வளைத்து, டேங்குக்கு அடியில் நுழைந்து, சீட்டுக்குக் கீழே வந்து, தன் முடிச்சை அடைந்ததும் அதைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடர்ந்தார், தாண்டியது அவருக்கே தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி வழியே பார்க்கிறவனுக்குக் கண்ணாடி தெரியாத மாதிரி. பின் விளக்கு வரைக்கும் போனார். எஞ்சின் ஆடாமல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கும் அவருக்கும் சண்டை மாதிரி ஆகிவிட்டது, ஓடு, ஓடு, எவ்வளவு நேரம் ஓடுகிறாய் பார்க்கிறேன். அப்போது காற்றில் தார்ப்பாய் எழும்பி முகத்தில் அடித்தது, விலக்கும்போது முழங்கை சீட்டுக்கு அடியில் இடித்தது, எஞ்சின் பொசுக்கென்று நின்றது. தற்செயல். மறுபடி ஸ்டார்ட் பண்ணினார், மறுபடி முழங்கையை அதே இடத்தில் வைத்து அழுத்தினார், நின்றது. முழங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் ட்யூபின் சொரசொரப்பு தோலில் பட்டது. இன்னும் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணினார். இந்த முறை முடிச்சைப் பிடித்துப் பாடியை விட்டு விலக்கி, லேசாக இழுத்து வைத்துக்கொண்டார். எஞ்சின் நன்றாக ஓடியது. சிவப்புச் சுவிட்சை அமுக்கினார். நிற்கவில்லை. அமுக்கினார். நிற்கவில்லை. கட்டை விரலை எடுத்து, துடைத்துக்கொண்டு, மூன்றாவது தடவை ஆணி அடிக்கிற மாதிரி அமுக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது அடி தள்ளி மாங்காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. வேதகிரி குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்று, அவர் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவியைத் திருகி நிறுத்தினார். பிளேடால் ட்யூபை அறுத்தார், மூன்று முடிச்சும் ஒழுங்காகத்தான் இருந்தது, எவனும் கை வைக்கவில்லை, எலி வாய் வைக்கவில்லை. டேப்பைப் பிரித்தார். உள்ளே சுவிட்சிலிருந்து வரும் ஒயர் பச்சையாக, பொடியாக, தொட்டால் உதிர்கிறது, இரண்டு முனையும் சேர்ந்தும் சேராமலும் இருந்தன, ஒரு இழை மட்டும் டேப்பைக் குத்திக்கொண்டு பாடிப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அமுக்கினால் சுவிட்ச் இந்த ஒயரைப் பாடியோடு சேர்த்து எஞ்சினை அணைக்க வேண்டும், அமுக்காமலே அந்த இழை பாடியைத் தொட்டால் வண்டி தானாக நிற்கும். இரண்டு முனையும் விலகி நின்றால் எத்தனை தடவை அமுக்கினாலும் நிற்காது. நிறுத்தி வைத்து ஐந்து தடவை அமுக்கினால் ஐந்து தடவையும் நிற்கும், நிற்கிற வண்டியில் எது ஆடப்போகிறது. ஈயம் இல்லை. அதைத்தான் கடைசியாகப் பார்த்தார். ஒயரை முறுக்கி வைத்ததோடு சரி, ஈயம் உருக்கிப் பற்ற வைக்கவில்லை. இதோ, அந்த நாளின் பாக்கி. மழையில் கரண்டு போய்விட்டது, பற்ற வைக்கிற ராடு சூடாகவில்லை, போன் அடித்துக்கொண்டே இருந்தது, இப்போதைக்கு முறுக்கிக் கட்டிவிடுவோம், நாளைக்கு வந்து பற்ற வைத்துக்கொள்ளலாம் என்று, ஒன்றுமில்லாத ஜாயின்ட்டுக்கு மேல் அவ்வளவு அழகாக மூன்று முடிச்சு போட்டார். நாளைக்கு வரவில்லை. நாளைக்கு மறந்துவிட்டது. முறுக்கின ஒயர் மேல் டேப் சுற்றி அனுப்புகிறவர்களை அவர் என்னவெல்லாம் பேசியிருக்கிறார், ஒவ்வொரு வார்த்தையும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான வார்த்தைகள். இருதயராஜாவது வெள்ளித்தாளைப் பார்க்கிற இடத்தில் வைத்தான். இவர் மேலே தன் பெயரை வைத்து மூடினார். கெட்டுப்போன துண்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, அறுத்த ட்யூபோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சட்டைப்பைக்குள் போட்டால் முடிந்தது, புது ஒயர் விட்டு, பற்ற வைத்து, புதுக் கட்டு போட்டால் பகவானே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கை பைக்கு அருகில் வரைக்கும் போனது, அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ரோஷன் வந்து நின்றான். முழங்கால் வரைக்கும் நிஜார், தலையில் கறுப்புக் கண்ணாடி, வாசனை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோளாறு கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றார் மாசிலாமணி. அவர் கையிலிருந்த பிசிறைப் பார்த்துவிட்டு அவனாகவே எலியா என்றான், போன வருஷமும் எலிதானே கடித்தது என்றான். தலையாட்டினால் போதும். இத்தனை வருஷம் தலையாட்டிகளை அவர் எந்தக் கணக்கில் வைத்திருந்தார் என்று நினைத்துப் பார்த்தார், தலை கொஞ்சம் ஆடியே விட்டது, இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"எலி இல்ல சார். இது நான் போட்ட ஜாயின்ட்டு. பத்த வெக்காம வுட்டுட்டேன். அன்னிக்கு வேதகிரி சுவிட்ச அமுக்கனது நெசம். வண்டிதான் நிக்கல."

ரோஷன் குடைப்பக்கம் ஒரு தரம் பார்த்தான், குரலை இறக்கினான். அதெல்லாம் முடிந்து போன விஷயம், புது ஆளும் வந்துவிட்டான், இப்போது போய்க் கிளறினால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள் என்றான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்.

"எலின்னே வெச்சுக்கலாம்ண்ணா. உங்களுக்கும் நல்லது. நாலு மணிக்கு ஓடுமா, அதை மட்டும் சொல்லுங்க."

"ஓடாது" என்றார். சிவப்புச் சுவிட்சு வேலை செய்யாத வண்டியை எவன் ஓட்டினாலும் தான் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் உட்காரப் போவதாகவும், வேதகிரி மறுபடி இந்தப் பந்தலுக்குள் வந்து தன் கையால் அந்தச் சுவிட்சை அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஒயரை மூடப்போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ரோஷன் பின்னாலிருந்து அண்ணா, அண்ணா என்றான். என்ன மாதிரி ஜென்மம் இவன் என்று வழக்கம்போல் மனம் ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது, அந்த வாக்கியத்தை முடிக்கிற யோக்கியதை இன்றைக்கு இல்லை. முப்பது அடியும் மணல் சுட்டது. செருப்பைப் பந்தலிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது.

வேதகிரி உட்காரவில்லை. தேசம்மா இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினாள், அவரும் உட்காரவில்லை. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் வாய்க்கு வரவில்லை, நீ அமுக்கினாய், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திறந்து நீட்டினார். கை நடுங்கியது. மறைக்கவில்லை. வேதகிரி மிளகாய்ப்பொடி ஒட்டிய விரல்களை லுங்கியில் துடைத்துவிட்டு அந்தத் துண்டை எடுத்து, திருப்பி, ட்யூபின் மூன்று முடிச்சையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும்.

"அன்னிக்குக் காலையிலேயே ஒரு தபா சுவிட்சு புடிக்கலண்ணா" என்றான் வேதகிரி. "சீட்டத் தூக்கிப் பாத்தேன். பிளேடுகூடக் கையில எடுத்துட்டேன். அப்பறம் இந்த முடிச்சப் பாத்தேன். அட, மாசிலாமணியண்ணன் கட்டாச்சே, இதுல இன்னா இருக்கப் போவுதுன்னு பிரிக்காம வுட்டுட்டேன்."

மாசிலாமணிக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்காகத் தலையைத் திருப்பினார். ஒரு பக்கம் மாங்காய்க் கூடை, ஒரு பக்கம் தேசம்மா, எதிரே மணலில் ஊன்ற முடியாமல் தூக்கிப் பிடித்திருந்த அந்தக் கட்டுப் போட்ட பாதம். விழுங்கிக்கொண்டார்.